சோலார் முள் படுத்த மதியம்

11 மார்ச் 1984, ஞாயிறு
புலாவ் உபின் தீவு

மதியம் நல்ல வெயில். ஜெனரேட்டரும், அதிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜரும் ஓடிக்கொண்டிருந்தன. சோலார் தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டைக் காட்டும் முள் மட்டும் பூஜ்யத்தில் கிடந்தது.

"தகடு செத்துப் போச்சு லா. நாளைக்கே சிராங்கூன் ரோடு கடையில திருப்பிக் கொடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு இவர் தொழப் போனார்.

சத்தம் தாங்காமல் ஜெனரேட்டரை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் முள் தானாக எழுந்தது! மறுபடி ஓட்டினேன், படுத்துவிட்டது. சார்ஜர் ஊட்டுவதைப் பார்த்து, பேட்டரிக்கு வயிறு நிறைந்துவிட்டதென்று, தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோல் பெட்டி வெயிலைத் தடுத்துவிடுகிறதோ? மாமி ஊட்டிவிட்டால் என் மகளும் என் கைச்சோற்றுக்கு வாய் திறக்கமாட்டாள்.

விடியுமுன் மட்டும் ஜெனரேட்டரை ஓட்டி, பகலை வெயிலுக்கே விட்டுப் பார்க்க வேண்டும். இவரோ முதல் படகுக்கே தகட்டைக் கழற்றிவிடுவார்.

ஸ்பேனர் இப்போது என் தலையணைக்கு அடியில்.