வாயில் விசில்

6.1.2025

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு அனுமந்தன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. நான் அஞ்சாவது வரை போனவள், பெரிய படிப்பாளி! ஆனாலும் போகிறேன். நான் போகாவிட்டால் அக்கம்மாள் மதினி வரமாட்டார். என் வீட்டுக்காரருடைய அக்கா, விட முடியுமா?

போன மாசம் மகள் பவானியைப் பார்க்கத் தேனிக்குக் கிளம்பியவர், உத்தமபாளையத்தில் போடி பஸ்சில் ஏறி, பண்ணைப்புரத்தில் இறங்கி அழுதுகொண்டு நின்றாராம். “நம்மூர்ப் பொம்பளைக ஏறுனாக, நானும் ஏறுனேன்.”

“ஊர்வலம்னு நெனச்சீகளோ, மதினி?” என்றேன். முறைத்தார்.

பவானிக்கு இது ரெண்டாவது பிரசவம். மாமியார் இல்லாத வீடு. மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அப்போது தோட்டத்தில் திராட்சை வெட்டு, நான் கூடப் போக முடியாது. மதினி தனியாகத்தான் போயாக வேண்டும்.

9.1.2025

டீச்சர் ஹேமாவதி சின்னப் பெண். அல்லிநகரத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். எழுத்தைக் காட்டி, “புரிஞ்சிச்சாக்கா?” என்று கேட்கிறார். எல்லாரும் ஒரே குரலில், “புரிஞ்சிருச்சு டீச்சர்!” பாவம், தொண்டை வலிக்கக் கத்துகிற பிள்ளையிடம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டால் நான் முந்திக்கொள்கிறேன். எனக்குப் பின்னால் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். டீச்சருக்குச் சந்தோஷம்.

17.1.2025

பொங்கல் முடிந்து வகுப்பு. எனக்குக் காய்ச்சல், போகவில்லை.

18.1.2025

நேற்று நான் இல்லாத வகுப்பில் ஒருத்திக்கும் ஓர் எழுத்தும் வரவில்லையாம். டீச்சர் அழுதுவிட்டாராம். அட கடவுளே!

20.1.2025

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கொடுத்தார்.

“நீங்கதான் கண்டக்டர். இத வாயிலயே வச்சிருக்கணும்.”

“எதுக்கு டீச்சர்?”

“விசில் இருந்தா உங்களால பதில் சொல்ல முடியாதுல்ல.”

நல்ல பிள்ளை. இவ்வளவு மரியாதையாக என் வாயை இதுவரை யாரும் அடைத்ததில்லை.

பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு நாலு பஸ் செய்தோம். முன்னால் சாக்பீசில் ஊர்ப் பெயர். தேனிக்குப் போகிறவர்கள் ஏறுங்கள் என்றார் டீச்சர். முதலில் ஒருத்தி போடியில் ஏறினாள். மொத்தப் பேரும் பின்னாலேயே போடிக்கு! மதினியும்தான். நான் விசிலை ஊதி ஊதி எல்லாரையும் இறக்கிவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம் டீச்சர் ஒவ்வொருத்தராக அனுப்பினார். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. மதினி போர்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எனக்கு நாக்கு துடித்தது. விசிலைக் கடித்துக்கொண்டேன். “தே... னி...” என்றார். நான் ஊதிய சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

11.2.2025

இப்போதெல்லாம் யாரும் “புரிஞ்சிருச்சு” சொல்வதில்லை. “இது புரியல டீச்சர், அதுவும் புரியல” என்று ஒரே சத்தம். டீச்சர் முகத்தில் என்ன வெளிச்சம்!

4.3.2025

காலையில் பவானி வீட்டுக்காரர் போன். வலி வந்துவிட்டது. திராட்சை வெட்டை விட்டுவிட்டு உத்தமபாளையம் வரைக்கும்தான் மதினியோடு போனேன்.

போடி பஸ் முதலில் வந்தது. கூட்டம் முண்டியது. மதினி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். ஐயோ— விசில்கூட இல்லையே! சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சொல்லவா, வேண்டாமா? சொன்னால் அடுத்த தடவையும் நான் வேண்டும். சொல்லாவிட்டால் பவானி அங்கே—

மதினி கூட்டத்துக்கு வெளியே தலையை நீட்டிப் போர்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. காலை எடுத்துவிட்டார். பிறகு தேனி பஸ் வந்தது. ஏறினார். என்னைக் கேட்கவே இல்லை. அழுகை வந்தது எனக்கு, கேட்கவில்லையே என்ற வருத்தமா, கேட்கவில்லையே என்ற சந்தோஷமா? போ, எதுவோ ஒன்று.

மத்தியானம் தோட்டத்தில் இருக்கும்போது அவரே போன் செய்தார்.

“ஏ மாயக்கா, பண்ணைப்புரத்துல நிக்கேன்டி...”

கூடையைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“பொம்பளப் புள்ளடி! ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசுறேன். நீ மட்டுந்தான் நக்கலடிப்பியோ?”

சிந்திய பழத்தைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தேன். டீச்சர் நன்றாக இருக்கட்டும். அவர் வயிறும் ஒரு நாள் குளிரட்டும்.

7.4.2025

மதினி ஊர் திரும்பிவிட்டார். இன்று அவர்தான் கண்டக்டர். டீச்சர் கேள்வி கேட்டதும் பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். என் காதுக்குள்ளேயே விசில் ஊதினார்.