மஞ்சள் துணியில் முடிந்த காசு

கோலா சிலாங்கூர்
மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை கோகிலனும் என் பேத்தி கயல்விழியும் பெர்த் நகரத்தில் நோய்நொடி அண்டாமல் இருக்க ஆத்தா காவல். இங்கே நானும் அப்பாவும் சுகம். போன வருடம் முழுக்கப் போனில் நீ கேட்டபோதெல்லாம் வாய்க்குச் சொன்ன சுகம் இல்லை இது, நிஜமான சுகம். போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குத் தபால் தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், நீயோ அவர் பேச்சை எடுத்தாலே பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிள்ளை என்ன, தாத்தா பெயரைக் கேட்டதும் அழுவதற்கென்றே பிறந்ததா? அதனால்தான் எழுதுகிறேன். உறைக்குள் நாடா ஒட்டிய சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும், எல்லாம் படித்து முடித்த பிறகு பிரி.

போன வாரம் மாப்பிள்ளை பேசும்போது, பாப்பாவுக்குக் காது குத்துவதை அங்கேயே கோயிலில் வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்பதாகச் சொன்னார். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, தாய்மாமன் மடிக்குப் பதிலாகத் தாத்தா மடி என்று பாப்பா உன் வயிற்றில் இருக்கும்போதே பேசி வைத்தோம். மாப்பிள்ளை சொன்னது அப்பா காதிலும் விழுந்தது. எழுந்து போய்க் கோழிக்கூண்டைக் கழுவினார், கழுவிய கூண்டையே மறுபடியும் கழுவினார். வா என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன் லோகு, ஆனால் யார் மடி என்று முடிவு எடுக்கும் முன் நீ போன பிறகு இங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டு எடு. பாதி தெரிந்து கோபப்படுவது உன் அப்பா பழக்கம், அது உனக்கு வேண்டாம்.

உன் கோபம் நியாயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று நம்பி வந்தவள் நீ. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்த உடம்போடு பத்தியத்தில் படுத்திருந்தாய், ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரை உன் கைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது, கடைசியில் அது அப்பாவின் சட்டைப் பையில் கிடந்தது. பத்தியம்கூட முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ விமானம் ஏறினாய். வாசலில் அவர் நின்றார், நீ திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையை ஏற்றும்போது தான் ஓட்டுகிற லோரியிலிருந்து விழுந்து முதுகில் அறுவை செய்த பிறகு அவருக்கும் அந்த மாதிரி மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். முதலில் வலிக்குப் போட்டார், அப்புறம் வலி வந்துவிடுமோ என்று போட்டார், பிறகு அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியவில்லை. தஞ்சோங் காராங்கில் ஒரு கிளினிக், சுங்கை சோவில் ஒரு கிளினிக் என்று ஒவ்வொரு இடத்திலும் இன்றைக்குத்தான் புதிதாக முதுகு வலிக்கிற மாதிரி போய் நின்றிருக்கிறார். நம் சனங்களையும் சொல்ல வேண்டும். யாருக்காவது முடியவில்லை என்றால் மைலோ டின்னோடு பார்க்க வருவார்கள், கிளம்பும்போது தங்கள் வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரையையும் இது ரொம்ப நல்ல மாத்திரை என்று கையில் திணித்துவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள், அதுதான் வினையாக முடிந்தது.

நீ போன மறுநாள் அவர் தலைக்குக் குளித்துவிட்டு எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குப் போனார். சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் அந்த மாத்திரை என் நாக்கில் படாது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, கேசரிகூடக் கிண்டினேன். அன்று சாயந்திரமே ஓயாமல் கொட்டாவி விட்டார், மூக்கு ஒழுகியது, அடுத்த நாள் வேர்த்துக் கொட்டியது, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, வயிற்றால் போனது, கால் தன்னால் உதறியது, ஒரு கண் தூக்கம் இல்லை. டெங்கிக் காய்ச்சல் என்று நான் பப்பாளி இலையை இடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வேலம்மா வந்து பார்த்துவிட்டு, "இது டெங்கியும் இல்ல ஒண்ணும் இல்ல ரமணி, சத்தியம் பண்ணவன ஆத்தா சோதிக்கிறா, வேப்பிலைய தலமாட்டுல வை லா" என்றாள். வேப்பிலையும் வைத்தேன். உடம்பு கேட்கவில்லை, தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் வாந்தியாக வந்தபோதுதான் பயந்துபோய் வாடகை வண்டி பிடித்து அரசாங்க கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த மலாய் டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் நல்ல பொறுமை. ஊசி போட்டுத் தெளிய வைத்த பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது அபினி வகையைச் சேர்ந்த வலி மருந்து, உடம்பு அதற்குப் பழகிவிட்டது, இது கெட்ட குணம் இல்லை, நோய், நோய்க்கு வைத்தியம் உண்டு. ஆனால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, நாங்கள் சொல்கிற அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். இவர் என்ன செய்தார் தெரியுமா, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "நான் சூடத்த அணைச்சவன், செத்தாலும் அத வாயில வைக்க மாட்டேன்" என்று சாதித்தார். டாக்டரம்மாவுக்குச் சூடமும் புரியவில்லை, சத்தியமும் புரியவில்லை, என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தும் அதே பிடிவாதம். மருந்து மேசைமேல் இருக்கிறது, மனுஷன் பாயில் புழுவாய்த் துடிக்கிறார், அன்று திருடித் தின்ற மாத்திரையை இன்று கையில் கொடுத்தால் தொட மாட்டேன் என்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கே போனேன். நேர்த்திக்கடனைச் சொன்ன நாளில் செலுத்த முடியாவிட்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துச் சாமியிடம் தவணை கேட்போமே, அதையே செய்தேன். ஐம்பது காசு ஒன்றை முடிந்து ஆத்தாள் முன்னால் வைத்து, அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே பேசினேன். "ஆத்தா, இந்த ஆளு அவசரக்காரரு, முழு லோடு ஏத்துன லோரிக்கு ஒரேயடியா பிரேக் போட்டுட்டாரு, வண்டி கவுந்து கெடக்கு. சத்தியத்த மீறல, தவணதான் கேக்குறோம். டாக்டரு சொல்ற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா எறக்கட்டும், கடைசி மாத்திரை முடியிற அன்னிக்கு இந்தக் காசு உன் உண்டியலுக்கு வரும்" என்றேன். லோரிக்காரருக்கு லோரியை வைத்துச் சொன்னதும் உறைத்தது. மருந்துக்குக் கையை நீட்டினார். அன்றைய மருந்தைக் கோயில் வாசலிலேயே குழாய்த் தண்ணீரில் விழுங்கினார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போய்விட்டது என்று நினைக்காதே. மருந்து என் பொறுப்பில்தான், என் கையால்தான் கொடுப்பேன். ஒவ்வொரு தடவை அளவைக் குறைக்கும்போதும் சில நாள் சிடுசிடுப்பு, சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டுப் போவார், நானும் விடமாட்டேன், திட்டித் தீர்ப்பேன். நடுவில் ஒரு நாள் வேலம்மாவின் முட்டிவலி மாத்திரையை வாங்கிப் போட்டுவிட்டார். ஆனால் அன்றைக்கே வந்து, "ரமணி, இன்னிக்கு தப்பு பண்ணிட்டேன்" என்று அவரே சொன்னார். நான் கேட்காமல் அவராக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மாவும் திட்டவில்லை, வழுக்கினால் எழுந்து நடக்க வேண்டியதுதான் என்றார். அதிலிருந்து வாசலில் நானே காவல்காரி. மைலோ டின்னோடு வருகிறவர்கள் உள்ளே வரலாம், மாத்திரையோடு வருகிறவர்கள் அப்படியே திரும்பலாம் என்று வேலம்மாவிடமே சொன்னேன். ஒரு மாதம் பேசாமல் இருந்தாள், இப்போது அவளே எனக்குப் பதிலாக எல்லாரையும் விரட்டுகிறாள்.

இப்போது காலையில் புக்கிட் மெலாவத்தி மேட்டில் ஏறி நடக்கிறார். குரங்குகள் அவருக்குப் பழக்கமாகிவிட்டன, ஒன்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை வந்து சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதுகு இன்னும் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். வெந்நீர் ஒத்தடமும் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் ஓடுகின்றன. மழை நாளில் முகம் சுருங்கும், ஆனால் முகத்தைப் பார்த்தால் அது உன் அப்பாவின் பழைய முகமாக இருக்கிறது. போன மாதம் டாக்டரம்மா இனி மருந்து வேண்டாம், ஆனால் பார்க்க மட்டும் தவறாமல் வர வேண்டும் என்றார். அந்த வெள்ளிக்கிழமை இருவரும் போய் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டோம். முடிச்சு இறுகிப் போயிருந்தது, அவரே நகத்தால் நெம்பி அவிழ்த்தார்.

நீ வந்தால் உன் பழைய அறையில்தான் தங்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். பாப்பாவுக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வராதே, இங்கே புழுக்கம். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் அம்மா கேட்டதாகச் சொல். வராவிட்டாலும் நீ என் மகள்தான், அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் மூவரும் தீர்க்காயுசோடு நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, பொட்டலத்தை இப்போது பிரி. காது குத்துப் பேச்சு வந்த மறுநாள் அப்பா கோலா சிலாங்கூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். உன் அறை அலமாரிக்குக் கொண்டி அடித்து அவர் கையாலேயே பூட்டினார். லோகு வந்தால் கைப்பையை அதில் வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும், நான் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். ஒரு சாவி என்னிடம் இருக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டையும் அவளுக்கே அனுப்பிடு, அவ கையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு சாவியும் இதில் இருக்கின்றன.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ரமணி ரவீந்திரன்