குகையில் ரீத்தா

14-9-1986, ஞாயிறு

பூசை முடிந்து எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். நான் கதை சொல்ல, அவரவர் பாத்திரத்துக்கு அவரவர் தாயக்கட்டை உருட்டும் ஆட்டம். என் மனைவி ரீத்தாவின் பாத்திரமான வைத்தியச்சி போன மாதத்திலிருந்து வத்தல்மலைக் குகையில் அடைபட்டிருக்கிறாள். தாயம் விழுந்தால்தான் வெளியே வரலாம். நான் போட்ட விதி.

“மத்தவங்க பொதையல் தேடிப் போறாங்க. நான் சும்மா குந்திக்கினு இருக்க எதுக்குங்க ஆட்டம்?” என்று எழுந்துவிட்டாள்.

“அக்காவ வெளிய வுடுங்க மாமா. இல்லன்னா நாங்களும் வரல,” என்றான் அவள் தம்பி.

ஆங்கிலப் புத்தகத்தை அகராதி பார்த்துப் படித்து நானே கற்றுக்கொண்ட ஆட்டம். எனக்கே பாடம் சொல்கிறார்கள். முடியாது என்றேன். எல்லோரும் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு யாருக்குக் கதை சொல்வது?

இப்போது தனியாக உருட்டிப் பார்த்தேன். தாயம் விழுந்தது. ஆனால் அவள் கையால் விழுந்தால்தான் செல்லும்.