மூன்றாம் நாள் முழுக்க இறக்கம்

ராஜா அண்ணாமலைபுரம்
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள மேரிக்கு,

ஷாகிரா சொல்லச் சொல்ல மகள் அதீபா போனில் தட்டுகிறாள். இறைவன் அருளால் இங்கே யாவரும் சுகம், வெயில் ஒன்றைத் தவிர.

உன் போன வாரக் கடிதத்தை மூன்று முறை கேட்டேன். போனில் படிக்கிற அந்தப் பெண்குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான் படிக்கிறது, புள்ளி, கமா எதற்கும் நிற்பதில்லை. போகட்டும். ஆற்றை ஒட்டிப் போகும் அந்த ரோடும், இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளும், மேலே வட்டமிடும் கழுகுகளும் எனக்கு அப்படியே வந்துவிட்டன. என் கண் போய் இரண்டு வருஷம். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீ தவறவில்லை. எழுத ஆரம்பித்த புதிதிலேயே உன் வீட்டுக்காரர் செபாஸ்தியான் அண்ணன் இறந்தார், அந்த வாரம்கூட எழுதினாய். நீ சைக்கிளில் போய்வந்த வழியை எழுதுவாய், நான் பால்கனியில் உட்கார்ந்து உன் கூடவே வருவேன். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு அடையாறு பாலம் தாண்டிக் கோவளம் ரோட்டில் மிதித்துக்கொண்டிருப்பேன். அது போன பிறகும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மிஞ்சியது உன்னால்தான். நேரில் சொன்னால் கிண்டல் செய்வாய், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றிடீ.

செப்டம்பரில் வா, இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் வீட்டில் இருக்கிறது, நான் முன்னால், நீ பின்னால் என்கிறாய். காலேஜ் நாளில் உன்னை டபுள்ஸ் வைத்து ஓட்டியவள் நான். லஸ் முனையில் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கியபோது திட்டு வாங்கியதும் நான்தான். பின்னால் உட்கார்ந்து பழக்கமே இல்லை. ஆனால் இப்போது போகாவிட்டால் இந்த ஜன்மத்தில் இனி சைக்கிளே கிடையாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. பரிதாபப்பட்டுக் கூப்பிடாதே. கீரைக்காரம்மாகூட, "இன்னாம்மா, சுத்தமா தெர்லியா? அய்யோ பாவம்" என்று ஒரு கட்டு சேர்த்து வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் கீரை வாடிக்கொண்டே இருக்கிறது. உன்னிடமிருந்தும் அதை வாங்க எனக்குத் தெம்பில்லை.

வழியை விவரமாக எழுது. கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன்.

உன்
ஷாகிரா


மீயோ, பிரான்ஸ்
ஏப்ரல் 13, 2025

என் செல்ல ஷாகிராவுக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். இன்று குருத்தோலை ஞாயிறு. இங்கே ஓலை கிடைக்காது, ஏதோ ஒரு செடியின் கிளையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாந்தோம் கோவிலில் ஓலையில் சிலுவை முடைந்து வைத்துக்கொள்வோமே, அதை நினைத்துக்கொண்டே பூசை பார்த்தேன்.

வழி கேட்டாய். முதல் நாள் பள்ளத்தாக்கு. தார்ன் ஆறு இடது கைப்பக்கம் கூடவே வரும். பாறையைக் குடைந்த சின்னச் சின்னக் குகைப்பாதைகள் உண்டு, உள்ளே போனதும் காற்று சில்லென்று மாறும், நீயே கண்டுபிடித்துவிடுவாய். செப்டம்பரில் கார் கூட்டம் போயிருக்கும். இரண்டாம் நாள் மேலே ஏற வேண்டும், பத்துக் கிலோமீட்டர். நின்று நின்று ஏறலாம், யார் கேட்கப் போகிறார்கள். மேலே போனால் பெரிய மேட்டுச் சமவெளி. மரம் இல்லை, புல்லும் கல்லும் செம்மறி ஆடுகளும்தான். ஆட்டு மணிச் சத்தம் ஒரு மைல் தூரம் கேட்கும்.

மூன்றாம் நாள் எப்படி என்று கேட்பாய். முழுக்க முழுக்க இறக்கம்தான். உன் கண்ணை நினைத்துத்தான் அப்படி ஏற்பாடு.

சீக்கிரம் பதில் போடு. டிக்கெட் விலை ஏறிவிடும்.

அன்பு முத்தங்களுடன்
மேரி


ராஜா அண்ணாமலைபுரம்
ஏப்ரல் 15, 2025

மேரிக்கு,

இதை அதீபாவுக்குத் தெரியாமல் போனிடமே சொல்லி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே உன் கடிதத்தைக் கேட்டேன். அந்த ஒரு இடம் வந்ததும் குழாயை மூடிவிட்டு மறுபடி கேட்டேன். முழுக்க முழுக்க இரக்கம்தான், உன் கண்ணை நினைத்துத்தான் ஏற்பாடு. இப்படி முகத்துக்கு நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை. கீரைக்காரம்மாவாவது கட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நீ இரண்டு வருஷமாக வாராவாரம் எழுதியதும் அந்த இரக்கத்தில்தானா? நான் அதை நட்பு என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

நான் வரவில்லை. இனி வழியும் எழுத வேண்டாம். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

ஷாகிரா


மீயோ
பெரிய வியாழன், ஏப்ரல் 17

அடி ஷாகிரா,

ஆறு தடவை போன் செய்தேன். சொன்ன சொல் மாறாதவள், எடுக்கவே இல்லை.

அது பெரிய ற. மேட்டிலிருந்து இறங்கினால் இறக்கம். மூன்றாம் நாள் மேலேயிருந்து ஊர் வரைக்கும் மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக ஓடும் என்று எழுதினேன். கண் தெரியாவிட்டாலும் உடம்பு முழுக்கத் தெரிகிற வழி அதுதான் என்று நினைத்து வைத்தேன். நம் வாயில் இரண்டு ரகரமும் ஒன்றாகத்தான் வரும், உன் போன்காரிக்கு மட்டும் எப்படி வேறாக வரும்? அதீபாவைக் கூப்பிட்டு எழுத்தைப் பார்க்கச் சொல்.

உன்னை நோகடித்துவிட்டேன் என்றதும் எனக்குத் தூக்கம் இல்லை. நீ நட்பு என்று நம்பியது நட்புதான். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. இன்று பூசை முடிந்து வந்ததும் அதைச் சொல்லிவிட உட்கார்ந்தேன்.

செபாஸ்தியான் போனதிலிருந்து நான் சைக்கிளைத் தொடவில்லை. உனக்கு எழுதிய வழியெல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தவை. எந்த வளைவில் தண்ணீர்க் குழாய், எந்த ஊரில் நாய் துரத்தும், எல்லாம் அவர் கையெழுத்து. வாரம் ஒரு பக்கம் எடுத்து, நான் போய்வந்த மாதிரி உனக்கு எழுதினேன். எழுதும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வீட்டை விட்டு வெளியே போனது போல இருக்கும். நீ கேட்கிறாய் என்பதால்தான் அந்த நோட்டையே திறந்தேன்.

இன்னொன்று. அந்த இரண்டு பேர் சைக்கிள் எங்களுடையது. முன்னால் அவர், பின்னால் நான், இருபது வருஷம். முன்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. உன்னிடம் எவ்வளவு தைரியமாக எழுதிவிட்டேன் பார். தனியாக ஏறப் பயந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். இப்போது நீ வராவிட்டாலும் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை.

மேரி


ராஜா அண்ணாமலைபுரம்
ஏப்ரல் 20, 2025

என் மேரிக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். அதீபா எழுத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தாள். "பெரிய ற தாம்மா. ஒரு எழுத்துக்கா மூணு நாளா சோறு எறங்காம சுத்திக்கினு இருந்தே?" என்றாள். மன்னித்துக்கொள். கோபம் எனக்கு எப்போதும் காதை விட வேகமாக வரும், உனக்குத் தெரியாததா.

நீ பொய் சொன்னாய் என்றதும் முதலில் சுருக்கென்றது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். புருஷனைப் புதைத்த வாரத்தில், அவர் நோட்டைத் திறந்து, அழுதுகொண்டு எனக்கு ஆற்றங்கரை ரோட்டை எழுதியிருக்கிறாய். அதை விடப் பெரிதாக எனக்கு யார் என்ன செய்துவிட்டார்கள்? அண்ணனுக்கும் என் நன்றி. முகமே பார்க்காத ஒருத்தியை இரண்டு வருஷம் ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறார். அவருக்காக துஆ செய்தேன்.

வருகிறேன். செப்டம்பர் ஒன்பதுக்கு அதீபா டிக்கெட் போட்டுவிட்டாள்.

ஆனால் செப்டம்பர் வரை காத்திருக்காதே. நாளைக்கே அந்தச் சைக்கிளை வெளியே எடு. பின்சீட் காலியாக இருந்தால் இருக்கட்டும். முன்னால் ஏறித் தெருமுனை வரையாவது ஓட்டு. ஓட்டிவிட்டு எழுது. அண்ணன் போன வழியெல்லாம் கேட்டுவிட்டேன். இனி நீ போன வழியை மட்டும் எழுது.

உன்
ஷாகிரா


மீயோ
ஏப்ரல் 21, 2025

ஷாகிரா,

இன்று இங்கே விடுமுறை, ரோட்டில் யாருமில்லை. எங்கள் வாசலிலிருந்து ரொட்டிக் கடை வரை நானூறு மீட்டர். போகும்போது ஒரு தடவை விழுந்தேன், முட்டியில் சிராய்ப்பு. வரும்போது விழவில்லை.

மேரி