வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

அபெர்டேர், வேல்ஸ்
9 மார்ச் 1994

எம்லினுக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. அக்கா கிளெனிஸ் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கனடா போனதிலிருந்து உனக்கு ஒரு குறை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் கடிதம் ஜனவரி கடைசியில் வந்தது. அம்மாவின் வீட்டைக் காலி செய்யும்போது, கார் கொட்டகையில் நீ பூட்டி வைத்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரை எடுத்துப் பழுது பார்த்து, அந்த ஊர் 120 வோல்ட்டுக்கு மாற்றி, அதற்குத் தகுந்த ஃபியூஸ் போட்டுக் கப்பலில் அனுப்பச் சொல்கிறாய். "உன் கையைத் தவிர வேற யார் கையையும் நான் நம்ப மாட்டேன்க்கா" என்று வேறு எழுதியிருக்கிறாய். அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிளப் மேடையில் அது தீப்பிடித்த அன்று, ஊரே கேட்க "எங்கக்கா வோல்ட்டேஜைத் தப்பா வெச்சுட்டா" என்று சொன்னவன் நீ.

மேடையில் உன் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தது உன் அத்தான் இட்ரிஸ். ஒயரைப் பிடுங்க ஓடியதும் அவர்தான். டிரான்ஸ்பார்மருக்குள் அடைத்திருந்த தார் உருகி அவர் இடது கையில் கொட்டியது. மூன்று விரல் இன்றுவரை மடங்காது. அதன் பிறகு அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் மாட்டிய பிளக் எதுவானாலும் இட்ரிஸ் அதைத் திருப்புளியால் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொருகுவார். ரேடியோ பழுதானால் பக்கத்து ஊர் மெர்த்தருக்கு எடுத்துப் போய் வேறு ஆளிடம் கொடுப்பார். டிவி ரிப்பேர் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். தீப்பிடித்த அந்த மாதமே அந்த வேலையும் போயிற்று.

அன்றைக்கே திறந்து பார்க்கிறேன் என்று உன்னிடம் கெஞ்சினேன். இன்சூரன்ஸ்காரர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று பூட்டினாய். ஒரு இன்சூரன்ஸ்காரரும் வரவில்லை. மூன்றாம் வாரம் நீ விமானம் ஏறிவிட்டாய். சாவியை எனக்குக் கொடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். அம்மா சாகும்வரை கொடுக்கவில்லை.

போன மாதம்தான் திறந்தேன். பின்பக்க வோல்ட்டேஜ் திருகியை நான் அன்று 245-இல் வைத்துக் கொடுத்திருந்தேன், நம் ஊர் மின்சாரத்துக்கு அதுதான் சரி. அது 200-இல் இருந்தது. அப்படி வைத்தால் உள்ளே வோல்ட்டேஜ் எகிறும், சத்தம் கூடும், வால்வுகள் கொதிக்கும். ஃபியூஸ் தாங்காமல் போகும். போவதற்காகத்தானே அதைப் போடுகிறோம். போன ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி, மறுபடி சொருகியிருந்தது. அப்படிச் சுற்றினால் எத்தனை மின்சாரம் பாய்ந்தாலும் ஃபியூஸ் அறாது, பெட்டிதான் எரியும்.

யார் சுற்றியது என்று நீ என்னிடமே கேட்பாய் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டிரம்ஸ்காரன் ஹேடனை மீன் கடை வரிசையில் பிடித்துக் கேட்டேன். "அன்னிக்கு ஒத்திகையிலயே ரெண்டு தடவ ஃபியூஸ் போச்சு. உன்னைக் கூப்பிடலாம்னேன். 'அவ வந்தா சத்தத்தக் குறைச்சிருவா, நானே பாத்துக்கறேன்'னான் உன் தம்பி. இதெல்லாம் உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். இட்ரிஸிடம் வந்து சொல்லேன் என்றேன். "அது உங்க குடும்ப விவகாரம், என்ன இழுக்காத தாயி" என்று, வறுத்த மீன் பொட்டலத்தைக்கூட வாங்காமல் நழுவிவிட்டான்.

இப்போது ஒன்று கேட்கிறேன். வெள்ளித்தாள் உள்ளே இருப்பதை மறந்துவிட்டுத்தான் என்னைத் திறக்கச் சொன்னாயா? என் தலையில் கட்டிய பழியை நான் பதினெட்டு வருஷமாகச் சுமக்க, உனக்கு அது மறந்தே போயிற்று என்றால், வயிறு எரிகிறது எம்லின். இல்லை, நானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும், வாயைத் திறக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தாயா? அதுவானால் நீ கோழை.

வீட்டுச் செய்தி வேறு இருக்கிறது. இட்ரிஸுக்கு ஏப்ரல் பதினான்காம் தேதி கார்டிஃபில் இதய ஆபரேஷன். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார். ஆனாலும் இந்த வயதில், நிலக்கரிச் சுரங்கத் தூசு தின்ற நெஞ்சு. தன் கையை நாசம் செய்தவள் பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைப்போடு அவர் மயக்க மருந்துக்குப் போகக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உன் ஆம்ப்ளிஃபயர் வேலை முடிந்தது. புது டிரான்ஸ்பார்மர் போட்டு 120-க்கான கம்பியை இணைத்திருக்கிறேன். அங்கே வோல்ட்டேஜ் பாதி என்பதால் ஃபியூஸ் இரண்டு ஆம்பியருக்குப் பதில் நான்கு. அது போனால் ஏன் போனது என்று பார்க்க ஆள் கூப்பிடு. போன வியாழனே கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னிடம் ஒரு கடிதம் பிடுங்க எனக்கு இஷ்டமில்லை.

இட்ரிஸிடம் நான் எதையும் காட்டவில்லை. இத்தனை வருஷம் கழித்து நான் போய்க் காட்டினால், இவளே சுற்றிக் கொண்டுவந்திருப்பாளோ என்று அவர் மனசின் ஒரு மூலை கேட்கும். அவர் அதை வெளியே சொல்லமாட்டார், எனக்குத்தான் தெரியுமே. நீ சொன்னால் மட்டும்தான் நம்புவார். அதனால் அந்த ஃபியூஸை, தாளைப் பிரிக்காமல், இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வேறு அத்தாட்சி என்னிடம் கிடையாது. நீ அதைக் குப்பையில் போட்டால் முடிந்தது கதை.

எனக்குப் பதில் போடாதே. அவர் பெயருக்கு எழுது. தபால்காரரிடம் கடிதம் வாங்குவது இன்றும் அவர்தான்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். நீ எழுதாமல் போனாலும் வைக்கட்டும். ஏப்ரல் பதின்மூன்று வரை உன்னை என் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கிளெனிஸ்