ஒரு சதவீதத்துக்கும் குறைவு

26 செப்டம்பர் 2025, வெள்ளி

காலையில் எழுந்ததும் அடுப்பில் பால்கூட வைக்காமல் டிவியைப் போட்டேன். ‘ஸ்ட்ரைக்கர் 26’ கால்பந்து வீடியோ கேம் இறங்கி முடிந்திருந்தது. காலாண்டுத் தேர்வின் கடைசி நாள். பள்ளிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு ஆட்டம் ஆடினேன்.

ஒரு ஆட்டமே போதும், மோசடி என்று சொல்ல. போன வருடம் நீலமாக இருந்த திரைப் பக்கங்கள் இந்த வருடம் பச்சை. அட்டையில் வேறு ஆள். புதுசு அவ்வளவுதான். கோல்கீப்பர் இப்போதும் பக்கத்துக் கம்பத்தை அம்போ என்று விட்டுவிட்டு நடுவில் போய் நிற்கிறான். கல்லூரி அணிக்கு மூன்று வருடம் கோல்கீப்பராக நின்றவள் நான். அப்படி நின்றிருந்தால் எங்கள் கோச் என்னை வ.உ.சி. மைதானத்தை இருபது சுற்று ஓடவிட்டிருப்பார்.

கிருபைராஜ் காப்பிக்குக் காத்திருந்து பார்த்து, தானே போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை, கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

“போன வருசமும் இதத்தான சொன்ன. பொறவு எதுக்கு வாங்குத?”

“விமர்சனம் எழுதணும்லா.”

“ஆமா, டீச்சரம்மா எழுதலேன்னா கம்பெனிக்காரன் தூங்கமாட்டான்.”

28 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து பெர்சிஸ் பிடித்துக்கொண்டாள். எங்கள் சர்ச் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர்; மாத இதழும் அவள் பொறுப்புதான். வருடா வருடம் இந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் ஒரு பக்கம் வாங்கிவிடுவாள்.

“அக்கா, இந்தத் தடவை பாராட்டியும் நாலு வரி எழுதுங்க. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நம்ம ஹால்ல போட்டி வைக்கோம். ‘கனவு அணி’ ஆட்டம்.”

கனவு அணி! அணிக்கு ஆள் சேர்க்க, ஆட்டத்துக்குள்ளேயே நிஜக் காசு கொடுத்துப் பாக்கெட் வாங்க வேண்டும். உள்ளே எந்த வீரர் என்று பிரித்த பிறகுதான் தெரியும். நல்ல வீரர் வரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போன வருடம் இதே பண்டிகையில் குக்கருக்குக் குலுக்கல் வைக்கப் பார்த்தார்கள். சர்ச்சின் சேகரக் கமிட்டியில் எழுந்து நின்று அதை நிறுத்தியவளே நான்தான். பெர்சிஸுக்கும் அது தெரியும்.

“இது வெளையாட்டுதானக்கா” என்கிறாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

விடுமுறை. எழுதி முடித்தேன். கை வலிக்கிறது, ஆனால் மனசு ஆறவில்லை. பெண்கள் அணியில் பதினொரு பேருக்கும் ஒரே சடை என்று எழுதினேன். தனியாக ஆடுவதற்குக்கூட இன்டர்நெட் வேண்டுமாம், அதையும் எழுதினேன். ஆட்டத்தைத் திறந்தால் மைதானம் வருவதில்லை, கடைதான் வருகிறது.

பிறகு பாக்கெட். மேலே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: முதல்தர வீரர் கிடைக்க வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குறைவு என்றால் எவ்வளவு? பத்தாம் வகுப்புப் பிள்ளை நிகழ்தகவுக் கணக்கில் இப்படி விடை எழுதினால் நான் பாதி மதிப்பெண்கூடப் போடமாட்டேன்.

2 அக்டோபர், வியாழன்

எழுதுகிறவள் கண்ணால் பார்க்க வேண்டாமா? ஒரே ஒரு பாக்கெட் வாங்கினேன். குப்பை.

4 அக்டோபர், சனி

மார்க்கெட்டில் இஸ்ரவேல் அண்ணாச்சி. கமிட்டிப் பொருளாளர். குக்கர் விஷயத்தை இன்னும் மறக்கவில்லை. என் கட்டுரை பற்றிப் பெர்சிஸ் சொல்லியிருக்கிறாள் போல.

“டீச்சர், பிள்ளைய வெளையாடுதுக. அதுல போயி நியாயத்தீர்ப்பு நாள் கணக்கா பேசுதீய.”

“குலுக்கல் குலுக்கல்தான் அண்ணாச்சி.”

“சரி, கமிட்டியில வாசிச்சுக் காட்டுங்க. எல்லாரும் சரின்னா போட்டிய மாத்திருவோம். ஆனா ஒண்ணு, வாசிக்கவுக கை சுத்தமா இருக்கணும் பாத்துக்கிடுங்க.”

சும்மாதான் சொன்னார். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். எனக்கு மட்டும் ஏன் காது சுட்டது?

5 அக்டோபர், ஞாயிறு

மத்தியானம் இவர் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தார்.

பாக்கெட்டைப் பிரித்தால் மைதானம் இருட்டாகும். சுரங்கப்பாதைக்குள்ளிருந்து வெளிச்சம் வரும். வெள்ளை என்றால் சாதா ஆள், பொன்னிறம் என்றால் — அந்த இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிதான்.

ஒரு கோல்கீப்பர் இருக்கிறாள். குள்ளம், என்னைப் போல. கையைத் தாழ்த்தி, முழங்கால் மடித்து, பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நிற்பாள். சரியாக நிற்கத் தெரிந்த ஒரே ஆள். அவளைப் பாக்கெட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், பாவிகள். சாதா கோல்கீப்பரை வேண்டுமென்றே மடையனாக வைத்திருப்பதே இதற்குத்தான். இந்த ஆத்திரத்தோடேதான் வாங்கினேன். ஆத்திரத்தோடே திரும்பவும்.

இன்று வாங்கியதில் பதினோராவதில் வந்தாள். எழுந்து நின்று கை தட்டினேன். தனியாக, ஹாலில், நாற்பத்தைந்து வயதில்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் கிடைத்த பிறகும் மூன்று வாங்கினேன். எதற்கு? யார் வேண்டும் என்று?

9 அக்டோபர், வியாழன்

இவர் போனுக்கு வங்கியிலிருந்து வந்த செய்திகளை இன்றுதான் பார்த்திருக்கிறார். “என்னது, வரிசையா போயிருக்கு?”

“கட்டுரைக்கு. ஆராய்ச்சி.”

“அதானே பார்த்தேன்.” போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஒரு கேள்வி இல்லை. என்னை இவ்வளவு நம்பலாமா ஒருத்தர்?

கட்டுரையை நான் எழுதி முடித்தது போன மாதம் முப்பதாம் தேதி. அதற்குப் பிறகு என்ன ஆராய்ச்சி?

12 அக்டோபர், ஞாயிறு

கமிட்டியில் வாசித்தேன். இடையில் வெளிச்சம் வருவதைப் பற்றி ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருந்தேன். என் குரல் நடுங்கவே இல்லை, அதுதான் கொடுமை. “பிள்ளைகளின் ஆசைக்கு விலை வைக்கிறவன்” என்ற இடத்தில் எங்கள் போதகரான ஐயர் தலையசைத்தார். இஸ்ரவேல் அண்ணாச்சிகூட, “டீச்சர் சொல்லுதது சரிதான், நான்தான் வெளங்காமப் பேசிட்டேன்” என்றார். கனவு அணி கிடையாது. எல்லாருக்கும் ஒரே தரத்து அணிகள் என்று முடிவாயிற்று.

ஜெயித்தாயிற்று.

வெளியே மழை. பைய வந்து குடைக்குள் நுழைந்தாள் பெர்சிஸ். “அக்கா, அந்த வெளிச்சத்தப் பத்தி எழுதுனீங்கள்லா, அப்படியே மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நீங்களும் பிரிச்சுப் பாத்தீங்களோ?”

“சே. வீடியோவுல பாத்தேன்.”

அவள் குடைக்குள் இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு சொன்னாள், “நான் நெறைய வாங்கிட்டேன்க்கா. சம்பளத்துல பாதி போச்சு. அம்மாவுக்குத் தெரியாது. நீங்க வாசிக்கையில, இப்படி விழுந்தது இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்னு தோணிச்சு. அவ்வளவு அசிங்கமா இருந்தது.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. “போகட்டும், இனிமே வாங்காத” என்றேன். டீச்சர் குரலில்.

சீ.

கம்பெனிக்காரனைத் திட்டினேன், பெர்சிஸைத் திட்டினேன், குக்கரைக்கூட விடவில்லை. எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதை எழுதிய இடம்தான் பொய். மைதானக் கோட்டுக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன்.

13 அக்டோபர், திங்கள்

இதழ் நாளை அச்சுக்குப் போகிறது. கடைசித் திருத்தம் பார்க்க என் பக்கத்தைப் பெர்சிஸ் அனுப்பியிருக்கிறாள். திருத்தம் ஒன்றுதான். தலைப்புக்குக் கீழே, முதல் பத்திக்கும் முன்னால், ஒரு வரி: ‘இந்த வருடம் நான் வாங்கிய பாக்கெட்டுகள் பதினைந்து, அதில் ஒன்றுகூட இந்தக் கட்டுரைக்காக அல்ல.’

எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. காலையில் பள்ளி மணி அடிப்பதற்குள் அனுப்புவேன்.

கிருபைராஜிடம் முதலில் சொல்வதுதான் முறை. பக்கத்து அறையில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. சொன்னால் சிரிப்பார். அவர் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அந்த வரி அச்சுக்குப் போகாது.