ஆஸ்டாவின் பொய்

ஹோல்ட்ஹாவ்
9 அக்டோபர் 1927

அன்புத் தங்கை மதில்டாவுக்கு,

நலம். உருளைக்கிழங்கு தோண்டி முடிந்தது. முதுகுதான் நிமிர மறுக்கிறது. அடுத்த மாதம் உன் வீட்டுக்காரன் ஏகார்ட்டின் பிறந்தநாளுக்கு அழைத்திருக்கிறாய். வாத்து வறுப்பாய், தெரியும். ஆனாலும் வர மாட்டேன்.

நாலு வருடமாக ஒரே காரணம்தான். நாய்த் தேர்வு அன்று, அத்தனை வேட்டைக்காரர்கள் முன்னால், நடுவராக நின்ற உன் வீட்டுக்காரன் "உன் நாய் பொய் சொல்லுது" என்றான்.

ஆஸ்டாவையா? ஈரல் நிறத் தலை, நரை தெளித்தாற்போல் புள்ளி விழுந்த உடம்பு, முள்ளில் கிழியாதிருக்கக் குட்டியிலேயே பாதி நறுக்கிய வால். அவளைப் பார்த்தாலே வம்சம் தெரியும். அவளுடைய முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்த கனத்த, மெதுவான நாய்கள். அவற்றோடு இங்கிலாந்து நாயின் ஓட்டத்தைக் கலந்து நம் ஆட்கள் இந்த இனத்தை உண்டாக்கினார்கள். இங்கிலாந்து நாய் கவுதாரியைக் கண்டால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலையாக நிற்கும், அத்தோடு சரி. நம்முடையது அப்படி நிற்கவும் வேண்டும், குளத்தில் நீந்தி வாத்தைக் கொண்டுவரவும் வேண்டும், நரியைத் தூக்கிவரவும் வேண்டும், அடிபட்ட மானைத் தேடவும் வேண்டும். மான் செத்துக் கிடந்தால், கழுத்துப்பட்டையில் தொங்கும் தோல் துண்டை வாயில் கவ்விக்கொண்டு திரும்புவாள். 'கிடக்கிறது, வா' என்று அர்த்தம். தேர்வு அன்றும் கவ்வி வந்தாள். போய்ப் பார்த்தால் நசுங்கிய புல்தான் இருந்தது. மானை எவனோ இழுத்துப் போய்விட்டான். அதற்கு அவளா பொறுப்பு?

அந்தச் சொல்லை அவன் திரும்ப வாங்கட்டும். வருகிறேன்.

உன் அண்ணன்,
ஹின்ரிச்


பிர்கன்மூர்
21 அக்டோபர், காலை

அண்ணா,

பால்வண்டி டீட்ரிச்சிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று மத்தியானம், அடிபட்ட காட்டுப்பன்றியைத் தேடி இவர் சதுப்புக்காட்டுக்குப் போனார். எங்கள் நாய் கோடையில் செத்ததிலிருந்து தனியாகத்தான் போகிறார். "சூப் ஆறுறதுக்குள்ள வந்துடுவேன்டி" என்றார். வரவில்லை. ஊர் ஆட்கள் விளக்கோடு போய்க் கத்திப் பார்த்தார்கள். இப்போது மழை வேறு. அந்தச் சூப்பை அடுப்பிலிருந்து இறக்க எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்டாவைக் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் வா. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். வாசலில் சத்தம் கேட்டாலும் பயமாக இருக்கிறது, கேட்காவிட்டாலும் பயமாக இருக்கிறது.

மதில்டா


பிர்கன்மூர்
22 அக்டோபர்

மதில்டா,

நேற்று நீ அவனோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியதிலிருந்து உன் வீட்டில்தான் இருக்கிறேன். ஆடுகளைக் கறந்துவிட்டேன். காட்டில் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அவனுடைய கம்பளிச் சால்வையை ஆஸ்டாவின் மூக்கில் வைத்து அனுப்பினேன். மனிதனைத் தேடிப் பழகாதவள்; எனக்கு நம்பிக்கையே இல்லை. நானும் டீட்ரிச்சும் மழையில் நின்றோம்.

"என்ன பெரியவரே, நின்ன இடத்துலயே கால மாத்தி மாத்தி வைக்கிறீங்க?"

"குளிருய்யா. உன் வேலையப் பாரு."

மரங்களுக்கு நடுவிலிருந்து அவள் வந்தாள். வாயில் தோல் துண்டு.

அவளிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். செத்ததைக் கண்டால் மட்டுமே அதைச் சொல்லப் பழக்கியிருந்தேன், நானே. நாலு வருடமாக அவள் பொய்யே சொல்ல மாட்டாள் என்று ஊரோடு மல்லுக்கு நின்றவன், அந்த இடத்தில், கடவுளே இவள் பொய் சொல்கிறவளாக இருக்கட்டும் என்று வேண்டினேன். "கீழ போடு" என்று அதட்டினேன். போடவில்லை. என் முன்னால் உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள்.

"பெரியவரே, அவ கூப்பிடுறா."

"நீ போ. நான் வரல."

"உங்க நாய் நான் சொன்னா நடக்குமா? வாங்க."

போனேன். அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிய பள்ளத்தில் ஏகார்ட் மல்லாந்து கிடந்தான். கால் மடங்கியிருந்தது, உதடு நீலம். டீட்ரிச் தொப்பியைக் கழற்றினான். நானும் கழற்றினேன். ஆஸ்டா மட்டும் கீழே குதித்து அவன் கண்ணை நக்கினாள். அப்போதுதான் அவன் மூக்கிலிருந்து ஆவி வருவதைப் பார்த்தேன். மெல்லிசாக.

கண் விழித்தானா? எதுவானாலும் எழுது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

ஹின்ரிச்


நகர ஆஸ்பத்திரி
25 அக்டோபர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொட்டகையை விட்டு வெளியே வா. இன்று காலை விழித்துவிட்டார்.

"உங்கண்ணன் நாயா கண்டுபிடிச்சுது?" என்றார்.

"ஆமா."

"தோலைக் கவ்விக்கிட்டா வந்துச்சு?"

"ஆமாங்க."

கூரையைப் பார்த்துச் சொன்னார்: "செத்ததுக்குத்தானே கவ்வணும்? நான் சாகலையே. மச்சானுக்கு எழுது, இந்தத் தடவையும் அவன் நாய் பொய்தான் சொல்லியிருக்கு."

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது, நர்ஸ் என்னைத் திட்டினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலையணை நனைந்திருந்தது. கோபப்படாதே அண்ணா. காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைதான் தெரியுமாம்.

மதில்டா


பிர்கன்மூர்
27 அக்டோபர்

மதில்டா,

ஆடுகள் நலம். சூப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டேன். வாத்தை இன்னும் கொல்லவில்லை. அவன் எத்தனை காலோடு வந்தாலும், வந்த பிறகுதான். நானும் இருப்பேன்.

ஏகார்ட்டிடம் சொல்: நடுவர் சொன்னதுதான் சரி. ஆஸ்டா பொய் சொல்லிவிட்டாள்.

ஹின்ரிச்